களிமண் கடன்சீட்டு முதல் இரண்டு கோடி லிரா நோட்டு வரை

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் துருக்கி வரலாறு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டதால் செய்திமடலுக்காக எழுதித் தந்தது.)



"துருக்கி வரலாறு" என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இரண்டு பேர் என்னை லிஃப்டில் பிடித்துக்கொண்டார்கள். "டூர் போய்ட்டு வந்தீங்களா சார்?" என்றார்கள். போனதில்லை. நான் பி.காம். படித்தவன். முப்பத்து நாலு வருடம் வங்கியில் குமாஸ்தா. ரிட்டையர் ஆன பிறகு வாசிப்புதான் பொழுதுபோக்கு. என் பழக்கம், எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் கை தானாக வரவு செலவுப் பக்கத்தைத் தேடும். துருக்கியில் தேடியபோது கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். சுல்தான்களின் பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். துருக்கி நாட்டின் வரலாறு வேறு, துருக்கியரின் வரலாறு வேறு. மத்திய ஆசியாவிலிருந்து துருக்கியர் பெருமளவில் அந்த மண்ணுக்கு வந்தது 1071க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் பல ஆயிரம் வருடங்களாக அங்கே வேறு வேறு மக்கள் வாழ்ந்தார்கள். அந்த நிலப்பகுதிக்கு அனடோலியா என்று பெயர்.

கோன்யா நகரத்துக்குப் பக்கத்தில் சட்டல்ஹுயுக் என்று ஓர் இடம். சுமார் 9000 வருடங்களுக்கு முந்தைய குடியிருப்பு. பல ஆயிரம் பேர் வாழ்ந்திருக்கிறார்கள். தெருவே கிடையாது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. மொட்டை மாடிதான் நடைபாதை, கூரையில் ஓர் ஓட்டை, அதில் ஏணி, அதுதான் வாசல். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். நான் ரசித்தது ஒரு சின்ன விஷயம். வீடுகள் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சுவர். பொதுச் சுவரில் ஆணி அடித்த சண்டை அங்கே வந்திருக்காது! (நம் பி பிளாக் நண்பர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அதைவிடப் பழையது உர்ஃபா அருகே உள்ள கோபெக்லி தெப்பே. கி.மு. 9500 அளவில், விவசாயம் முழுமையாகத் தொடங்காத காலத்தில், வேட்டையாடிப் பிழைத்த மக்கள் நிறுத்திய பிரம்மாண்டமான கல்தூண்கள் அங்கே நிற்கின்றன. மனிதன் முதலில் உழுது, சேமித்து, பிறகுதான் கோயில் கட்டினான் என்று நம் பள்ளிக்கூடப் புத்தகம் சொன்ன வரிசை அதோடு ஆட்டம் கண்டுவிட்டது.

இப்போது என் இடத்துக்கு வருகிறேன். கைசேரி நகரத்துக்கு அருகில் குல்தெப்பே. பழைய பெயர் கானெஷ். சுமார் 3900 வருடங்களுக்கு முன்பு, இன்றைய வடக்கு ஈராக்கில் இருந்த அஸ்ஸூர் நகரத்து வியாபாரிகள் இங்கே கிளை வைத்திருந்தார்கள். கிளை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். தலைமை அலுவலகம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் வரும். போக ஆறு வாரம் அளவுக்கு ஆகும். திரும்பும்போது வெள்ளியும் தங்கமும் போகும். இதற்கெல்லாம் கணக்கு களிமண் பலகையில். அப்படிப்பட்ட பலகைகள் 23,000 அளவில் கிடைத்திருக்கின்றன.

அவை என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். கடன் பத்திரம், சாட்சி, தவணை, பங்குதாரர் கணக்கு, வசூலாகாத பாக்கி. கடன் பத்திரத்தை எழுதி, அதைக் களிமண்ணாலேயே ஆன ஓர் உறைக்குள் வைத்து, உறையின் மேல் அதே விவரத்தைச் சுருக்கமாக எழுதி, சாட்சிகள் முத்திரை பதிப்பார்கள். தகராறு வந்தால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம். வெளியே யாராவது எண்ணைத் திருத்தியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். நாங்கள் லாக்கருக்கு இரண்டு சாவி வைத்த அதே புத்தி. வியாபாரிகளுக்குள் வழக்கமான வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டரை, அதாவது வருடத்துக்கு 30 சதவீதம். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர் கேட்டால் இதெல்லாம் ஒரு வட்டியா என்பார்.

கடிதங்களும் உண்டு. புஷுகென் என்ற வியாபாரி கானெஷில் இருக்கிறார். மனைவி லமஸ்ஸி அஸ்ஸூரில் இருந்துகொண்டு துணி நெய்து அனுப்புகிறார். அனுப்பிய துணிக்குப் பணம் சரியாக வரவில்லை என்று குறைப்படுகிறார். இன்னொரு கடிதத்தில் கடத்தல் சரக்கு பிடிபட்டு, அரண்மனை புஷுகெனைச் சிறையில் போட்ட செய்தி வருகிறது. சுங்கம் கட்டாமல் தப்பிக்கப் பார்ப்பது எவ்வளவு பழைய தொழில் பாருங்கள். ஒரு ராஜாவின் வெற்றிக் கல்வெட்டைவிட இந்த மனைவியின் கடிதத்தைத்தான் நான் நம்புவேன். அதில் பொய் சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

அடுத்து ஹிட்டைட்டுகள். தலைநகரம் ஹத்துசா. எகிப்தின் இரண்டாம் ராம்சேஸோடு கி.மு. 1274 வாக்கில் காதேஷில் பெரும் போர். எகிப்தியர் தாங்களே ஜெயித்ததாகக் கோயில் சுவர் முழுக்க எழுதி வைத்தார்கள். ஆனால் பதினைந்து வருடம் கழித்து இரண்டு பேரும் உட்கார்ந்து சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். ஓடிப்போனவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது வரை ஷரத்துகள். அதன் களிமண் பிரதி இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று நியூயார்க் ஐ.நா. சபைக் கட்டடத்தில் தொங்குகிறது.

அதே ஹத்துசாவில் கிடைத்த இன்னொரு ஒப்பந்தம் நமக்கு நெருக்கமானது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டு மன்னரும் மிதானி நாட்டு மன்னரும் செய்துகொண்டது. சாட்சிகளாக அழைக்கப்பட்ட தெய்வங்களின் வரிசையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்யர் பெயர்கள் வருகின்றன. ரிக் வேதத்து தெய்வங்கள் துருக்கி மண்ணில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! இதை வைத்து உடனே "அங்கே இருந்து இங்கே வந்தார்கள், இங்கே இருந்து அங்கே போனார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சண்டை ஆரம்பிக்க வேண்டாம். சாட்சிப் பட்டியல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு மேற்குக் கரையில் லிடியா நாடு, தலைநகரம் சார்திஸ். அரசு முத்திரை போட்ட நாணயம் மேற்குலகில் முதலில் வந்த இடம் இதுதான், கி.மு. ஏழாம் நூற்றாண்டில். ஆற்று மணலில் கிடைத்த பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தில் அடித்தார்கள். அந்தக் கலவையில் தங்கம் எவ்வளவு என்று யாருக்கும் நிச்சயமில்லை. குரோசஸ் மன்னர் காலத்தில் தங்கத்தையும் வெள்ளியையும் தனித்தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்து தனித்தனி நாணயம் போட்டார்கள். நகைக் கடன் வாங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள், அப்ரைசர் ஒரு கறுப்புக் கல்லில் நகையை உரசிப் பார்ப்பார். அந்த உரைகல்லுக்குக் கிரேக்கர் வைத்த பெயரே "லிடியக் கல்". என் சர்வீஸில் எத்தனையோ முறை அந்தக் கல் பக்கத்தில் உட்கார்ந்து வவுச்சர் போட்டிருக்கிறேன். பெயர் விவரம் ரிட்டையர் ஆன பிறகுதான் தெரிந்தது. குரோசஸின் செல்வமெல்லாம் கி.மு. 546 வாக்கில் பாரசீகத்தின் சைரஸ் கைக்குப் போய்விட்டது.

அலெக்சாண்டர், ரோமானியர் எல்லாம் வந்து போனதை வேகமாகத் தாண்டுகிறேன். 330இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் பெயரில் கான்ஸ்டான்டிநோபிள் என்ற புதுத் தலைநகரத்தைத் திறந்து வைத்தார். 537இல் ஹாகியா சோபியா தேவாலயம் எழுந்தது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஆறு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. நம் வளாகத்துக் கட்டுமானம் எத்தனை வருடம் இழுத்தது என்பதை இங்கே நினைவூட்ட மாட்டேன். 1071இல் மன்சிகெர்ட் போரில் செல்ஜூக் துருக்கியரின் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் பைசாந்தியப் பேரரசரையே சிறைபிடித்தார். கதவு திறந்தது. கோன்யா செல்ஜூக் தலைநகரம் ஆனது. மௌலானா ரூமி வாழ்ந்து 1273இல் மறைந்தது அங்கேதான்.

1300ஐ ஒட்டி உஸ்மான் என்ற சிறு தலைவரின் வம்சம் எழுந்தது. அதுதான் உஸ்மானியர், ஆங்கிலத்தில் ஆட்டோமன். 1453இல் இரண்டாம் மெஹ்மத், வயது 21, கான்ஸ்டான்டிநோபிளை 53 நாள் முற்றுகையிட்டு மே 29 அன்று பிடித்தார். கடல்வழியைச் சங்கிலி போட்டு அடைத்திருந்தார்கள் என்று கப்பல்களை மரச்சட்டங்கள் மேல் இழுத்துக் குன்றைத் தாண்டி உள்ளே இறக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். பிடித்த பிறகு செய்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. காலியாகிக் கிடந்த நகரத்தில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் என்று எல்லோரையும் கொண்டுவந்து குடியேற்றினார். வரி கட்ட ஆள் இல்லாத நகரம் அவருக்கு எதற்கு? 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது அவர் மகன் பயசித் அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

அந்தப் பேரரசு ஹங்கேரி முதல் ஏமன் வரை பரந்தது, பிறகு தேய்ந்தது. எப்படித் தேய்ந்தது என்பதற்குப் போர்களைச் சொல்வார்கள். நான் கடனைச் சொல்கிறேன்.

1854இல் கிரீமியப் போரின்போது உஸ்மானிய அரசு முதன்முதலாக வெளிநாட்டில் கடன் வாங்கியது. லண்டனிலும் பாரிஸிலும் பத்திரம் விற்றார்கள். அடுத்த இருபது வருடத்தில் கடன் மேல் கடன். பத்திரத்தின் முகமதிப்பு நூறு என்றால் கையில் வருவது அறுபதோ எழுபதோ, வட்டி மட்டும் நூறுக்கு. பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக் கடன். இதற்கிடையே பாஸ்பரஸ் கரையில் டோல்மாபாச்சே அரண்மனை. 1875இல் வருமானத்தில் ஏறக்குறைய பாதி கடன் தவணைக்கே போகும் நிலை. அந்த அக்டோபரில் வட்டியில் பாதியைத்தான் ரொக்கமாகத் தர முடியும் என்று அறிவித்தார்கள். எங்கள் பாஷையில் என்.பி.ஏ.

1881இல் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கடன் கொடுத்த ஐரோப்பியரின் பிரதிநிதிகள் இஸ்தான்புல்லில் பொதுக்கடன் நிர்வாகம் என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். உப்பு, மது, முத்திரைத்தாள், மீன், பட்டு, புகையிலை வருமானங்களை நேரடியாக அவர்களே வசூலிக்கத் தொடங்கினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் எண்ணிக்கை நாளடைவில் நிதி அமைச்சகத்தையே தாண்டியது. புகையிலையை ஒரு தனிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். விளைவித்த விவசாயி வெளியே விற்றால் அது கடத்தல். கம்பெனியின் ஆயுதக் காவலர்களோடு மோதிப் பல பேர் செத்தார்கள். சுல்தான் சிம்மாசனத்தில்தான் இருந்தார், கொடி பறந்தது, தொழுகையில் அவர் பெயர் சொன்னார்கள். கல்லாப்பெட்டிச் சாவி மட்டும் வேறு ஆளிடம். அந்த அலுவலகக் கட்டடம் இன்று இஸ்தான்புல்லில் பள்ளிக்கூடமாக இருக்கிறது.

1854இல் ஆரம்பித்த இந்தக் கணக்கு எப்போது முடிந்தது தெரியுமா? 1954இல். சுல்தான் போய், பேரரசு போய், குடியரசு வந்து, பழைய கடனில் தன் பங்குக்கு வந்த பெரும் பகுதியைத் தவணையாகக் கட்டித் தீர்த்தது. தாத்தா வாங்கிய கடனைப் பேரன் அடைத்தான் என்பது இங்கே உவமை இல்லை, நிஜம்.

முதல் உலகப் போர். உஸ்மானியர் ஜெர்மனி பக்கம். கலிபோலியில் 1915இல் ஆங்கிலேயரைத் தடுத்து நிறுத்தியதில் முஸ்தபா கெமால் என்ற அதிகாரி பெயர் பெற்றார். எதிர்ப்பக்கம் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதே 1915இல் ஆர்மீனிய மக்களை ஊர் ஊராகப் பெயர்த்து சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் கொலையிலும் பசியிலும் மாண்டார்கள். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதை இனப்படுகொலை என்கிறார்கள். துருக்கி அரசு அந்தச் சொல்லை இன்றும் ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டுச் செத்தவர்களை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு அவர்களிடம் பதில் கிடையாது.

போரில் தோற்ற பிறகு வெற்றியாளர்கள் நாட்டைக் கூறுபோட வந்தார்கள். கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. கெமால் அங்காராவில் ஒரு மாற்று அரசை அமைத்துச் சண்டை போட்டு ஜெயித்தார். 1923 ஜூலையில் லோசான் ஒப்பந்தம். அதன் ஒரு பகுதியாக மக்கள் பரிமாற்றம். துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் கிரீஸுக்கு. அங்கே இருந்த முஸ்லிம்கள் நாலு லட்சம் வரை துருக்கிக்கு. பலர் போரின்போதே ஓடியிருந்தார்கள். இனி திரும்ப முடியாது என்று ஒப்பந்தம் முத்திரை குத்தியது. அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர் கிரீஸுக்குப் போக வேண்டும், கிரேக்கம் மட்டுமே பேசிய முஸ்லிம் துருக்கிக்கு.

விட்டுப்போன வீடு, நிலம், கடை எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு ஈடு தருவதாக ஒரு கமிஷன் அமைத்தார்கள். வருடக்கணக்கில் விண்ணப்பம், பட்டியல், சரிபார்ப்பு. கடைசியில் 1930இல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, உன் பாக்கிக்கும் என் பாக்கிக்கும் சரி என்று கழித்துக்கொண்டன. வங்கியில் இதற்கு செட்-ஆஃப் என்று பெயர். லெட்ஜர் அழகாக நேராகிவிட்டது. ஆனால் ஃபெத்தியே நகரத்துக்குப் பக்கத்தில் கயாகோய் என்ற ஊரில் கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல்வீடுகள் இன்றும் மலைச்சரிவில் அப்படியே நிற்கின்றன.

இனி நம் நாட்டுப் பணத்தின் கதை. துருக்கி சுல்தான்தான் கலீபா. அந்தப் பதவியைக் காப்பாற்ற இந்தியாவில் 1919இல் கிலாபத் இயக்கம் பிறந்தது. அலி சகோதரர்கள், காந்திஜி, நம் மதராஸில் யாகூப் ஹசன் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் பல லட்சத்தை பம்பாயில் கமிட்டித் தலைவரே தன் சொந்த மரத்தொழிலில் போட்டுவிட்டு, கணக்குக் கேட்டபோது ஆலைகளை எழுதிக்கொடுத்த சங்கடமும் நடந்தது. மீதி அங்காராவுக்கு, கெமால் பெயருக்குப் போனது. ஒரு பகுதி போர்ச் செலவுக்கு.

1924 மார்ச் 3. கெமாலின் குடியரசு கலீபா பதவியையே ஒழித்து, கடைசிக் கலீபாவை ரயிலேற்றி நாட்டை விட்டு அனுப்பியது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 26 அன்று இஷ் பாங்க்காசி என்ற வங்கி தொடங்கியது. கெமால் போட்ட முதலீடு இரண்டரை லட்சம் லிரா, இந்தியாவிலிருந்து வந்த அதே பணத்தில் இருந்து. இன்றும் துருக்கியின் பெரிய வங்கிகளில் அது ஒன்று. 1938இல் அவர் உயிலில், தன் பங்குகளின் லாபம் துருக்கிய மொழிக் கழகத்துக்கும் வரலாற்றுக் கழகத்துக்கும் போக வேண்டும் என்று எழுதினார். ஆக, கலீபாவைக் காப்பாற்ற நம் ஊர்ப் பெண்கள் கொடுத்த வளையல் துருக்கிய அகராதிக்கு உதவிக்கொண்டிருக்கிறது.

இது நல்ல காரியமா, நம்பிக்கைத் துரோகமா? பணத்தை அவர் சொந்தச் சுகத்துக்கு எடுக்கவில்லை. சுதேசி வங்கி இல்லாமல் அந்த நாடு மறுபடி கடன்காரர் கையில் விழுந்திருக்கும். ஆனாலும் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் கார்பஸ் ஃபண்டை எடுத்து, மிக உபயோகமான வேறு ஒன்றைக் கமிட்டி கட்டிவிட்டு வந்து நின்றால் பொதுக்குழுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நானும் எழுந்து நின்று கத்துவேன்.

அதன் பிறகு சீர்திருத்தங்கள் மழை போல. 1926இல் சுவிட்சர்லாந்து மாதிரியில் புதுச் சிவில் சட்டம். 1928 நவம்பரில் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்து. அடுத்த வருடப் பிறப்பிலிருந்து புத்தகங்கள் புது எழுத்தில்தான். 1934இல் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை. அதே வருடம் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம், கெமால் அதாதுர்க் ஆனார். எழுத்தை மாற்றியதால் படிப்பறிவு கூடியது உண்மை. தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தையும் கல்லறை வாசகத்தையும் பேரனால் படிக்க முடியாமல் போனதும் உண்மை. பிறகு 1960, 1980 ராணுவப் புரட்சிகள். முன்னாள் பிரதமர் மெந்தெரஸை 1961இல் தூக்கிலிட்டார்கள். 2016இல் தோல்வியடைந்த ஒரு முயற்சி. ஹாகியா சோபியா தேவாலயமாக இருந்து மசூதியாகி, அதாதுர்க் காலத்தில் அருங்காட்சியகமாகி, 2020இல் மறுபடி மசூதி ஆனது.

பென்ஷன்காரர்களே, இதைக் கேளுங்கள். 2001இல் அங்கே 2 கோடி லிரா நோட்டு அச்சடித்தார்கள். ஒரு டாலருக்குப் பத்து லட்சம் லிராவுக்கு மேல். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்தக் கேஷியரை நினைத்தால் எனக்கு இப்போதே கை வலிக்கிறது. 2005 ஜனவரி 1 அன்று ஆறு பூஜ்யங்களை வெட்டினார்கள். பத்து லட்சம் பழைய லிரா ஒரு புது லிரா. கொஞ்ச வருடம் நன்றாக ஓடியது. 2022 அக்டோபரில் அரசுக் கணக்குப்படியே விலைவாசி உயர்வு 85 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது வட்டியை ஏற்றாமல் குறைத்துக்கொண்டே போனார்கள். எஃப்.டி. வட்டியை நம்பி மாதம் ஓட்டுகிற நம் வயதுக்காரர்களுக்கு அங்கே என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக நம் தலைக்கு மேலே இருக்கும் கூரை சம்பந்தமான ஒன்று. 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17. தென்கிழக்குத் துருக்கியில் 7.8 அளவு பூகம்பம், மதியம் இன்னொன்று. துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் நம்மைப் போல அடுக்குமாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். இந்தியா "ஆபரேஷன் தோஸ்த்" என்று மீட்புப் படையை அனுப்பியது. அங்கே 2018இல் ஒரு திட்டம் வந்திருந்தது. அனுமதி மீறிய கட்டடங்கள் கட்டணம் கட்டினால் ரெகுலர் ஆகிவிடும். நம் ஊரில் வரன்முறை என்கிறோமே, அதுதான். பொறியாளர்கள் அப்போதே கத்தினார்கள். தரைத்தளத்தில் கடைக்கு இடம் வேண்டும் என்று தூணை வெட்டிய கட்டடங்கள் பற்றியும் பிறகு வழக்குகள் வந்தன. மிக மோசமாக அடிபட்டது அந்தாக்யா, அந்தக் கால அந்தியோக்கியா. 115இலும் 526இலும் அதே நகரம் பூகம்பத்தில் விழுந்தது என்று ஏட்டில் இருக்கிறது. மண்ணின் குணம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

நம் வளாகத்தின் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் சங்க அலமாரியில் இருக்கிறதா என்று அடுத்த பொதுக்குழுவில் எழுத்து மூலம் கேட்கப் போகிறேன். செயலாளர் முன்கூட்டியே தேடி வைத்தால் நல்லது. காபி வந்துவிட்டது என்று ஜாடை காட்டுகிறார்கள்.